ஒளியை எண்ணிய ஆசிரியர்

மாணவர்களே, உலகிலேயே மிகக் குளிரான இடம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அண்டார்டிகா என்று பலர் சொல்லக்கூடும். அங்குள்ள வோஸ்தோக் ஆய்வு நிலையத்தில் 1983ஆம் ஆண்டு பதிவான வெப்பநிலை, சுழியத்திற்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ். இல்லை, விண்வெளிதான் என்று சிலர் சொல்லலாம். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெறுமையில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 270 டிகிரி வரை இறங்குகிறது.

ஆனால் இந்த இரண்டையும் தோற்கடிக்கும் குளிர், சில பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூட மேசைகளில் இருக்கிறது. காற்று அகற்றப்பட்ட ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை. அதைச் சுற்றி லேசர் கதிர்களும், அவற்றை வந்த வழியே திருப்பியனுப்பும் ஆடிகளும். குடுவையின் நடுவே மிதக்கும் சிறு துளி வாயுவின் வெப்பநிலை, முழுமையான சுழியம் எனப்படும் மைனஸ் 273.15 டிகிரிக்கு மேலே, ஒரு டிகிரியில் நூறு கோடியில் சில பங்கு மட்டுமே. ஒளி பட்டால் பொருள் சூடாகும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே ஒளியைக் கொண்டே குளிர்விக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எதற்காகக் குளிர்விக்க வேண்டும்? அந்தக் குளிரில் அணுக்கள் தங்கள் தனித்தன்மையை இழந்து, எல்லாம் சேர்ந்து ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று ஒரு கணக்கு சொன்னது. அந்தக் கணக்கின் முதல் அடியை 1924ஆம் ஆண்டு எழுதியவர், முனைவர் பட்டம்கூட இல்லாத ஒரு விரிவுரையாளர். அவர் பெயர் சத்தியேந்திரநாத் போஸ்.

தரையில் எழுதிய கணக்குகள்

சத்தியேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் ரயில்வே துறையில் பணியாற்றியவர். தாயார் ஆமோதினி தேவி. ஏழு பிள்ளைகளில் மூத்தவர் சத்தியேன். அவருக்குப் பின் பிறந்த ஆறு பேரும் தங்கைகள். தந்தை காலையில் வேலைக்குப் புறப்படும் முன் வீட்டுத் தரையில் கணக்குகளை எழுதி வைத்துவிட்டுப் போவாராம். அவர் திரும்பி வருவதற்குள் சிறுவன் அவற்றைப் போட்டு முடித்திருப்பானாம். இந்து பள்ளியில் படித்தபோது கணித ஆசிரியர் ஒருவர் இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் கொடுத்த கதையும் உண்டு. ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செய்து காட்டியதற்காக அந்தக் கூடுதல் பத்து.

பிறகு கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஜெகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்ற பெரும் அறிவியலாளர்கள் அங்கே ஆசிரியர்களாக இருந்தனர். வகுப்புத் தோழர்களில் ஒருவர் மேக்நாத் சாகா. டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு கடை வைத்திருந்தவரின் மகன். விண்மீன்களின் ஒளியைப் பற்றிய ஆய்வுக்காகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். 1915ஆம் ஆண்டு முதுகலைத் தேர்வில் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். தேர்வில் போட்டியாளர்களாக இருந்த இருவரும் வாழ்க்கையில் உற்ற நண்பர்களாக இருந்தார்கள்.

படித்து முடித்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. ஐரோப்பாவில் இயற்பியல் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பிளாங்க், ஐன்ஸ்டீன், போர் ஆகியோரின் புதிய கருத்துகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கல்கத்தாவுக்கு ஜெர்மன் நூல்கள் வருவது அரிது. கல்கத்தாவின் புதிய அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்த நியமிக்கப்பட்ட போசும் சாகாவும் நூல்களைத் தேடி அலைந்தார்கள். ஊருக்கு அருகே சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய ஜெர்மன் மொழி பேசும் பேராசிரியர் ஒருவரிடம் நல்ல இயற்பியல் நூல்கள் இருந்தன. அவற்றை இரவல் வாங்கிப் படித்தார்கள். படிப்பதற்காகவே ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1920ஆம் ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது. அந்தக் கட்டுரைகள் முதன்முதலாக ஆங்கிலத்தில் நூலாக வந்தது லண்டனில் அல்ல, கல்கத்தாவில்தான். அப்போது இருவருக்கும் வயது முப்பதைத் தொடவில்லை.

பாடம் நடத்தியவரின் மன உறுத்தல்

1921ஆம் ஆண்டு டாக்காவில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் போஸ் பணியில் சேர்ந்தார். முதுகலை மாணவர்களுக்கு வெப்பக் கதிர்வீச்சு பற்றிப் பாடம் நடத்துவது அவரது வேலைகளில் ஒன்று.

அந்தப் பாடத்தின் மையத்தில் இருந்தது பிளாங்க் விதி. சூடான இரும்பு முதலில் சிவப்பாகவும், மேலும் சூடானால் மஞ்சளாகவும் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வெப்பநிலையில் எந்த நிறத்து ஒளி எவ்வளவு வெளிவரும் என்பதை 1900ஆம் ஆண்டு மேக்ஸ் பிளாங்க் ஒரு சூத்திரமாக எழுதினார். அது சோதனைகளோடு அச்சாகப் பொருந்தியது. ஆற்றல் நீரோட்டம் போல் தொடர்ச்சியாக வராமல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்ற எண்ணமும் அதிலிருந்தே பிறந்தது. ஒளியே அத்தகைய பொட்டலங்களால் ஆனது என்று 1905ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் ஒருபடி மேலே போனார். அந்தப் பொட்டலத்தை இன்று ஃபோட்டான் என்கிறோம்.

விடை சரி. ஆனால் விடைக்குப் போன வழி போசுக்கு உறுத்தியது. பிளாங்க் விதியை நிறுவிய எல்லோரும் பாதி தூரம் பழைய அலைக் கொள்கையில் நடந்து, மீதி தூரம் புதிய குவாண்டம் கருத்துக்குத் தாவினார்கள். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கொள்கைகளை ஒரே நிறுவலில் ஒட்டுப்போட்டால், அதை மாணவர்கள் முன் எப்படி நிமிர்ந்து நின்று விளக்குவது? 1924ஆம் ஆண்டு தொடக்கத்தில் டாக்காவுக்கு வந்து போசுடன் தங்கிய சாகா, இது பற்றி அண்மையில் ஐரோப்பாவில் வெளிவந்த கட்டுரைகளைச் சுட்டிக்காட்டினார். நண்பர்கள் இருவரும் விவாதித்தார்கள். அதன்பின் போஸ் முழு நிறுவலையும் தொடக்கத்திலிருந்து தானே செய்து பார்க்க உட்கார்ந்தார்.

எண்ணும் முறையில் ஒரு மாற்றம்

போஸ் செய்ததைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு போதும்.

உங்களிடம் ஒரு சிவப்புக் கோலியும் ஒரு நீலக் கோலியும் இருக்கின்றன. சட்டையில் இடது பை, வலது பை என இரண்டு பைகள். கோலிகளை எத்தனை விதமாகப் போடலாம்? இரண்டும் இடப்பக்கம், இரண்டும் வலப்பக்கம், சிவப்பு இடம், நீலம் வலம், நீலம் இடம், சிவப்பு வலம். மொத்தம் நான்கு விதம். இரண்டும் ஒரே பையில் இருக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி.

இப்போது கோலிகளுக்குப் பதிலாக, பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டிச் செல்லும் பணம் ஏற்றிய அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு அட்டைகள், மொத்தம் இரண்டு வெள்ளி. ஒரு வெள்ளியைப் பிரித்து ஏற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விதம்? முதல் அட்டையில் இரண்டு வெள்ளி. இரண்டாம் அட்டையில் இரண்டு வெள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளி. அவ்வளவுதான், மூன்றே விதம். இந்த அட்டையில் இருப்பது எந்த வெள்ளி என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. அட்டையில் ஏறிய வெள்ளிக்கு நிறமும் இல்லை, பெயரும் இல்லை. மூன்று விதங்களும் சம வாய்ப்புள்ளவை என்றால், இரண்டு வெள்ளியும் ஒரே அட்டையில் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. பாதியைவிட அதிகம்.

ஃபோட்டான்கள் கோலிகளைப் போன்றவை அல்ல, அட்டையில் ஏறிய வெள்ளியைப் போன்றவை. இதுவே போசின் கணக்கில் புதைந்திருந்த புதுமை. ஒரு மூடிய பெட்டிக்குள் அடைபட்ட ஒளியை அவர் எடுத்துக்கொண்டார். ஃபோட்டானுக்கு ஆற்றல் மட்டுமின்றி உந்தமும் உண்டு என்று கொண்டு, அவை இருக்கக்கூடிய நிலைகளைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தார். எந்த ஃபோட்டான் எந்த அறையில் என்று கேட்காமல், எத்தனை அறைகள் காலி, எத்தனை அறைகளில் ஒன்று, எத்தனை அறைகளில் இரண்டு என்று மட்டும் எண்ணினார். பழைய அலைக் கொள்கையின் உதவி ஒரு வரிகூட இல்லாமல் பிளாங்க் விதி வந்து நின்றது.

இந்த எண்ணும் முறைக்கு ஒரு விளைவு உண்டு. பெயரற்ற துகள்கள், பெயருள்ளவற்றைவிட அதிகமாக ஒரே இடத்தில் கூடும். அட்டைக் கணக்கில் நாம் பார்த்த அந்தச் சிறு வேறுபாடுதான், பின்னாளில் உலகின் மிகக் குளிரான வாயுவைத் தேடிப் போகும் பயணத்திற்கு வித்திட்டது.

நிராகரிப்பும் ஒரு கடிதமும்

போஸ் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, லண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற ஆய்விதழான ஃபிலசாஃபிக்கல் மேகசினுக்கு அனுப்பினார். அவர்கள் அதை வெளியிடவில்லை.

அப்போது அவருக்கு வயது முப்பது. பெரிய ஆய்வுக்கூடமோ, ஐரோப்பியப் பட்டமோ, பரிந்துரைக்க ஆளோ இல்லை. புதிதாகத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். அந்த நிலையில் கட்டுரையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டுவதே பலரும் செய்திருக்கக்கூடியது. போஸ் அதை 1924 ஜூன் 4ஆம் தேதி, பெர்லினில் இருந்த ஐன்ஸ்டீனுக்கே அனுப்பினார்.

உடன் அனுப்பிய கடிதம் பணிவானது, ஆனால் கூனிக்குறுகியது அல்ல. கட்டுரையில் தாம் என்ன செய்திருக்கிறார் என்பதை நேராகச் சொன்னார். மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தகுதியுள்ளது என்று ஐன்ஸ்டீன் கருதினால் ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட ஏற்பாடு செய்யும்படி கேட்டார். ஐன்ஸ்டீனை நேரில் அறியாவிட்டாலும் அவருடைய எழுத்துகளின் வழியே தாமும் அவருக்கு ஒரு மாணவரே என்பதால் இப்படிக் கேட்கத் தயக்கமில்லை என்றார். சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்க்க முன்பு கல்கத்தாவிலிருந்து அனுமதி கேட்டவர் தாமே என்பதையும் நினைவூட்டினார்.

ஐன்ஸ்டீன் கட்டுரையைப் படித்தார். அதன் மதிப்பை உடனே உணர்ந்தார். தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்புடன் ட்சைட்ஷ்ரிஃப்ட் ஃபியூர் ஃபிசிக் என்ற இதழுக்கு அனுப்பினார். கட்டுரை அதே ஆண்டில் வெளிவந்தது. அச்சில் நான்கு பக்கங்கள்கூட நிறையவில்லை.

ஐன்ஸ்டீன் அதோடு நிற்கவில்லை. ஒளிக்குப் பொருந்தும் இந்த எண்ணும் முறை அணுக்களுக்கும் பொருந்துமா என்று பார்த்தார். அந்தக் கணக்கு அவரை வியப்பான ஒரு முடிவுக்கு இட்டுச் சென்றது. ஒரு வாயுவைப் போதுமான அளவு குளிர்வித்தால், அதன் அணுக்களில் பெரும்பகுதி மிகக் குறைந்த ஆற்றலுள்ள ஒரே நிலைக்குள் போய்க் குவிந்துவிடும். 1925ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கணிப்புக்குப் பெயர் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவு. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட குளிரை உண்டாக்க அன்று உலகில் யாருக்கும் வழி தெரியாது.

பாரிஸ், பெர்லின், மீண்டும் டாக்கா

ஐன்ஸ்டீனிடமிருந்து போசுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்த ஒரு சிறு அட்டை செய்த வேலை பெரிது. வெளிநாட்டில் ஆய்வு செய்ய விடுப்புக் கேட்டிருந்த போசுக்குப் பல்கலைக்கழகம் இரண்டாண்டு விடுப்பு வழங்கியது. ஜெர்மன் தூதரகம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கட்டணமில்லாமல் விசா கொடுத்தது.

1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் பாரிஸ் சேர்ந்தார். மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்ற விரும்பி அவரைச் சந்தித்தார். மேரி கியூரி அன்பாகப் பேசினார்; ஆனால் முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு கற்றுவிட்டு வரும்படி ஆங்கிலத்தில் நெடுநேரம் அறிவுரை சொன்னார். போசுக்கு முன்பே பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அதை இடைமறித்துச் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கே அனுப்பத் துணிந்தவர், நேரில் இப்படிக் கூச்சப்படுபவராகவும் இருந்தார்.

1925ஆம் ஆண்டு பெர்லின் சென்று ஐன்ஸ்டீனைச் சந்தித்தார். ஆனால் இருவரும் சேர்ந்து ஆய்வு செய்யும் கனவு கைகூடவில்லை. ஐன்ஸ்டீனின் கவனம் வேறு திசையில் போயிருந்தது. போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையை ஐன்ஸ்டீன் மொழிபெயர்த்து வெளியிட்டாலும், அதில் தமக்கு உடன்பாடில்லை என்று மறுப்பையும் சேர்த்தே எழுதியிருந்தார். குருவாக மதித்தவரே அச்சில் மறுத்தது போசுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் மீதிருந்த மதிப்பு வாழ்நாள் முழுதும் குறையவில்லை.

1926ஆம் ஆண்டு டாக்கா திரும்பியபோது பேராசிரியர் பதவி ஒன்று காலியாக இருந்தது. போசிடம் முனைவர் பட்டம் இல்லை. ஐன்ஸ்டீனின் பரிந்துரை இருந்தும் முதலில் வேறொருவரே தேர்வு செய்யப்பட்டார். அவர் வராததால் 1927ஆம் ஆண்டு போஸ் பேராசிரியரானார். உலக இயற்பியலாளர்கள் அவர் பெயரைத் தங்கள் கட்டுரைகளில் எழுதத் தொடங்கிவிட்ட நேரத்தில், உள்ளூரில் அவர் இரண்டாவது தேர்வு.

தாய்மொழியில் அறிவியல்

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் டாக்காவில் கழிந்தன. 1945இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். ஆய்வுக் கட்டுரைகளைக் குவிப்பதில் அவருக்கு நாட்டமில்லை. கணிதம், வேதியியல், எக்ஸ்ரே படிகவியல், இலக்கியம், இசை என மனம் போன பக்கமெல்லாம் போனார். வில்லால் இசைக்கும் எஸ்ராஜ் என்ற நரம்புக் கருவியை அருமையாக வாசிப்பார். கவி ரவீந்திரநாத் தாகூர் 1937ஆம் ஆண்டு வங்காளியில் எழுதிய அறிவியல் நூலான விஸ்வ பரிசயத்தைப் போசுக்கே காணிக்கையாக்கினார்.

அவர் விடாமல் பிடித்துக்கொண்ட பணி ஒன்று உண்டென்றால், அது தாய்மொழியில் அறிவியல் கற்பிப்பது. உயர்ந்த அறிவியலை ஆங்கிலத்தில்தான் சொல்ல முடியும் என்று படித்தவர்கள் பலர் நம்பிய காலம் அது. போஸ் முதுகலை வகுப்பிலேயே குவாண்டம் இயற்பியலை வங்காளியில் நடத்திக் காட்டினார். 1948ஆம் ஆண்டு கல்கத்தாவில் வங்காள அறிவியல் பேரவையை நிறுவி, ஞானமும் விஞ்ஞானமும் எனப் பொருள்படும் பெயரில் மாத இதழ் தொடங்கினார். வங்காளியில் ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது என்ற குறைக்குப் பதிலாக, அசல் ஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே கொண்ட ஓர் இதழையும் கொண்டுவந்தார். ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டவனால் அதைத் தன் மொழியில் சொல்ல முடியும் என்பது அவர் எண்ணம். தனக்கே உறுத்திய நிறுவலை மாணவர்களுக்கு நடத்த மறுத்த அதே நேர்மைதான் இதிலும் இருந்தது.

பெருமைகளும் தேடி வந்தன. இந்தியாவின் பத்ம விபூஷண் விருது 1954இல் கிடைத்தது. லண்டன் ராயல் சங்கம் 1958இல் உறுப்பினராக்கியது. அவர் வழி எண்ணப்படும் துகள்கள் அனைத்திற்கும் போசான்கள் என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் பால் டிராக் பெயர் சூட்டினார். நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும் பரிசு வரவில்லை. 1974 பிப்ரவரி 4ஆம் தேதி கல்கத்தாவில் போஸ் காலமானார். அன்றுவரை அந்தக் குளிர்ந்த வாயுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஒளி தள்ளும், ஆடி திருப்பும்

அவர் மறைந்த மறு ஆண்டே, 1975இல், அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே யோசனையை முன்வைத்தன. ஒளியால் அணுவைத் தள்ளி அதன் வேகத்தைக் குறைத்தால் என்ன? வெப்பம் என்பது அணுக்களின் ஓட்டம்தானே. வேகம் குறைந்தால் குளிர்ச்சி.

போஸ் தம் கணக்கில் பயன்படுத்திய ஃபோட்டானின் உந்தம் இங்கே உதவிக்கு வருகிறது. எதிரே ஓடிவரும் சோடியம் அணுவை ஒரு ஃபோட்டான் மோதினால், அணுவின் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர் அளவு குறையும். அணுவோ வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடும் யானையைப் பந்தெறிந்து நிறுத்துவது போலத்தான். ஆனால் ஒரு வினாடியில் கோடிக்கணக்கான பந்துகளை எறிய லேசரால் முடியும். பல்லாயிரம் மோதல்கள் சேர்ந்து, கண் சிமிட்டும் நேரத்திற்குள் அணு ஏறத்தாழ நின்றேவிடும்.

எதிரே வரும் அணுவை மட்டும் தள்ளவேண்டும், விலகிப் போகும் அணுவை முடுக்கிவிடக் கூடாது. அதற்கும் வழி இருந்தது. நம்மை நோக்கி வரும் ஆம்புலன்சின் ஒலி கீச்சென்று உயர்வதும், கடந்து போனபின் தாழ்வதும் நமக்குத் தெரியும். ஒளிக்கும் அப்படியே. அணு ஏற்கும் அதிர்வெண்ணைவிடச் சற்றே குறைவாக லேசரை வைத்தால், லேசரை நோக்கி ஓடிவரும் அணுவுக்கு மட்டுமே அது சரியான அதிர்வெண்ணாகப் படும். மூன்று திசைகளில் கதிர்களை அனுப்பி, எதிர்ப்பக்கம் ஆடி வைத்துத் திருப்பிவிட்டால், ஆறு பக்கமும் ஒளிச்சுவர். அணு எந்தப் பக்கம் ஓடினாலும் எதிரே ஒரு தடை.

1985ஆம் ஆண்டு ஸ்டீவன் சூ குழுவினர் சோடியம் அணுக்களை இவ்வாறு முழுமையான சுழியத்திற்கு மேலே ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் சில பங்கு வரை குளிர்வித்தனர். இத்துறையில் உழைத்த மூவருக்கு 1997ஆம் ஆண்டு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனாலும் செறிவை உண்டாக்க அந்தக் குளிர் போதவில்லை. கடைசிப் படிக்கு அறிவியலாளர்கள் நம் தேநீர்க் கோப்பையின் வழியைக் கையாண்டார்கள். சூடான தேநீரில் வேகமான துகள்கள் ஆவியாகி வெளியேற, மீதமுள்ளவை ஆறுகின்றன. அதுபோல, காந்தப் பொறியில் பிடித்து வைத்த அணுக்களில் வேகமானவற்றைத் தப்பவிட்டார்கள்.

1995 ஜூன் 5ஆம் தேதி, அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னல், கார்ல் வைமன் இருவரும் ருபிடியம் அணுக்களை 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்தனர். ஏறத்தாழ 2,000 அணுக்கள் ஒரே நிலைக்குள் ஒடுங்கின. டாக்காவிலிருந்து கடிதம் புறப்பட்டு எழுபத்தோராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அதே ஆண்டில் சோடியத்தில் இதைச் செய்த வோல்ஃப்காங் கெட்டர்லேவுக்கும் சேர்த்து, 2001ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அடுத்த சவால் மூலக்கூறுகள். அணுவைப் போலன்றி மூலக்கூறு சுழலும், அதிரும். ஒரு ஃபோட்டானை ஏற்று உமிழ்ந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாமல் வேறொரு நிலையில் போய் நின்றுவிடும். அடுத்த ஃபோட்டான் அதைத் தொடாது. வழிதவறியவற்றைத் திருப்பி அழைக்கக் கூடுதல் லேசர்கள் தேவை. 2010ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தார் ஸ்ட்ரோன்சியம் ஃபுளோரைடு மூலக்கூறுகளை ஒளியால் குளிர்வித்துக் காட்டினர். வேறு சிலர் அணுக்களை முதலில் குளிர்வித்துப் பிறகு மூலக்கூறாக இணைக்கும் வழியில் போனார்கள். அவ்வழியே, 2024 ஜூன் மாதம், கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர் சோடியமும் சீசியமும் இணைந்த மூலக்கூறுகளில் போஸ்-ஐன்ஸ்டீன் செறிவை உண்டாக்கிய செய்தி வெளிவந்தது. அது போஸ் கடிதம் எழுதிய நூறாவது ஆண்டு, அதே ஜூன் மாதம்.

ஒளிக்கே அந்தச் செறிவு உண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. 2010ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார், மிக நெருக்கமாக வைத்த இரண்டு வளைந்த ஆடிகளுக்கிடையே, சாயக் கரைசலில், ஃபோட்டான்களைச் சிறைப்பிடித்து ஒரே நிலையில் குவித்தனர். போஸ் தாளில் எண்ணிய ஒளி ஆடிகளுக்கிடையே அகப்பட்டது.

கைக்கெட்டும் தூரத்தில்

இந்த ஆய்வு இன்று நமக்கு எங்கோ தொலைவில் இல்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையத்திலும் மிகக்குளிர்ந்த அணுக்களையும் மூலக்கூறுகளையும் ஆராய்கிறார்கள். நேரத்தை மிகத் துல்லியமாக அளக்கும் கடிகாரங்களும், எதிர்காலக் குவாண்டம் கணினிகளும் இந்தக் குளிரை நம்பியிருக்கின்றன. அந்த ஆய்வுக்கூடங்களில் நாளை உங்களில் சிலர் லேசரின் ஆடிகளைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு நிற்கலாம்.

அப்போது போசை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தொடங்கிய இடம் ஒரு வகுப்பறை. பாடநூலில் இருந்த விடை சரியாக இருந்தும், வழி புரியவில்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொண்டார். புரியும்வரை உட்கார்ந்தார். ஓர் இதழ் ஏற்காதபோது, அதைச் சரியாக மதிப்பிடக்கூடியவர் யார் என்று யோசித்து அவருக்கே எழுதினார். அந்தக் கடிதத்துக்கு ஆன செலவு ஓர் அஞ்சல்தலை மட்டுமே.

நாளை வகுப்பில் ஆசிரியர் ஒரு சூத்திரத்தை எழுதும்போது, அது ஏன் அப்படி என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்தால் அதை விழுங்கிவிடாதீர்கள். தமிழிலேயே எழுதி வையுங்கள். விடை கிடைக்கும்வரை அதைத் துரத்துங்கள்.